86 டாலரில் வந்தவர்

2003-ல் லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். டென்னஸிக்காரரான கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், இணையத்தில் 86 டாலர் கட்டித் தொடங்கிய தகுதிச் சுற்றுகளில் ஜெயித்து அந்தப் போட்டியில் இடம் பிடித்தார். எதிராளியின் முகத்தைப் பார்த்து ஆடும் நேரடிப் போட்டி அவருக்கு அதுவே முதல். 839 பேரில் முதலிடம். பரிசு 25 லட்சம் டாலர்.

இந்த வெற்றியை அதிர்ஷ்டம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஃபில் ஐவியை வெளியேற்றிய ஆட்டத்தில் கடைசிச் சீட்டாக ஏஸ் விழுந்தது அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி இருவராக எஞ்சியபோது சாம் ஃபார்ஹாவுக்கு எதிரே நடந்தது வேறு. ஒரு ஆட்டத்தில் ஃபார்ஹாவிடம் ஒன்பதுகளின் ஜோடி. மணிமேக்கரிடம் ஜோடியே இல்லை, வெறும் கிங். கையிலிருந்த எல்லாவற்றையும் பந்தயம் வைத்து ஆல்-இன் என்று அறிவித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அனுபவசாலியான ஃபார்ஹா யோசித்து யோசித்து, ஜெயித்திருக்க வேண்டிய சீட்டைக் கீழே போட்டார். எதிரில் ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகத்தை அடக்கி வைப்பதைக் கணினித் திரை கற்றுத் தராது. அதை நான் திறமை என்றே சொல்வேன்.

அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள். 2006-ல் 8,773 பேர். பரிசு கிடைத்தது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. மற்றவர்கள் கட்டிய பணம்தான் அந்தப் பரிசு. மணிமேக்கர் கதையைச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுவது என்னை உறுத்துகிறது. சேமிப்பை எடுத்துக்கொண்டு வரும் புது ஆட்டக்காரருக்கு இந்தக் கணக்கை வாசலிலேயே சொல்லியாக வேண்டும்.