தலைக்கு இவ்வளவு என்றால்…

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எல்லோரும் ஏழைகள், தலித், ஆதிவாசிப் பெண்களும் அவர்களில் உண்டு. மருத்துவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. 2016-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது.

பூதப்பாண்டிப் பக்கத்துக் கூலி மக்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெருந்துணைதான். அதிலும் சிகிச்சைக்கு இவ்வளவு என்றே மருத்துவமனைக்குப் பணம் போகிறது. தையல் ஆறியதா, நோயாளி மீண்டும் வேலைக்குப் போனாரா என்று பார்த்து ஒரு பகுதியைக் கொடுக்கட்டும். மருத்துவமனைவாரியாக விளைவுகளை அரசு வெளியிடட்டும்.

அதுவரை, அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு முறை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.