கால் ஓசை பதிகிறது, குரல் பதியவில்லை

வைப்பின் கரையில் கோயில் திருநாளன்று சவிட்டு நாடகம் வைத்தால், மேடைக்கு எதிரே திரும்பிய பக்கமெல்லாம் செல்போன்கள் உயர்கின்றன. எர்ணாகுளத்துக் கடைகளிலும் ஆபீசுகளிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் நின்று, பளபளக்கும் கிரீடத்தையும் ஜிகினா அங்கியையும் படம் பிடித்து, அன்றிரவே திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் அனுப்பி விடுகிறார்கள். "என்ன பாடுகிறார்கள்?" என்று ஊரிலிருந்து கேள்வி வருகிறது. பதில் சொல்ல முடிவதில்லை. பலகை மேல் விழும் கால்களின் இடிச் சத்தம் இருக்கிறது. ஒலிபெருக்கியின் இரைச்சல் இருக்கிறது. பாட்டு மட்டும் இல்லை.

போனால் போகட்டும் என்று விட்டுவிடக் கூடிய விஷயமல்ல இது. அந்தப் பாட்டில் தமிழ் இருக்கிறது.

போர்ச்சுகீசியர் வந்த பிறகு கொச்சிக் கரையோரத்து லத்தீன் கத்தோலிக்கர்களிடையே வளர்ந்த கலை சவிட்டு நாடகம். 'சவிட்டு' என்றால் மிதிப்பது. ராஜாவும் மந்திரியும் போர்வீரனும் சொல்ல வேண்டியதைப் பாட்டாகவே பாடி, தாளத்துக்கு ஏற்ப மர மேடையை மிதித்து ஆட வேண்டும். கதை ஐரோப்பியக் கதை. சார்லமேன் சக்கரவர்த்தி இங்கே காறல்மான் ஆகிவிடுகிறார். ஆனால் 'காறல்மான் சரித'த்தை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பதுதான் வழிவழியாக வரும் செய்தி. பழைய சுவடிகளின் பாஷை தமிழும் மலையாளமும் கலந்தது. நாடகம் பழக்கும் ஆசானுக்கு 'அண்ணாவி' என்றே பெயர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்துப் பழக்கும் ஆசிரியருக்கும் அதே பெயர்தான். வைப்பினிலும், பறவூரை அடுத்த கோதுருத்திலும் அந்தப் பெயர் கேட்கிறபோது, ஊரை விட்டு வந்த தமிழனுக்கு ஒரு சொந்தம் கிடைத்தது போல் இருக்கும்.

சுவடியில் வார்த்தை இருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு அண்ணாவியின் தொண்டையில் இருக்கிறது. இரவு முழுவதும் நடந்த நாடகங்கள் இன்று போட்டிக்கும் விழாவுக்குமாகச் சுருக்கி ஆடப்படுகின்றன. சுருக்கும்போது விடப்படும் பாட்டுகளை இளைஞர்கள் கற்பதில்லை. வயதான அண்ணாவி ஒருவர் கண் மூடினால், அவர் மட்டுமே அறிந்த மெட்டுகளும் அவரோடு போய்விடும்.

அந்தக் காலத்தில் இதைக் காப்பாற்ற வழியில்லை என்று சொல்லலாம். டேப் ரிக்கார்டர் வசதியுள்ளவர் வீட்டுச் சாமான். பிறகு காஸெட் மலிவாக வந்தது. கொச்சியின் ஈரக்காற்றில் அலமாரியிலிருந்த காஸெட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. இன்று அந்தச் சாக்கு செல்லாது. கூலிவேலை செய்பவர் சட்டைப் பையில் இருக்கும் சாதாரண ஸ்மார்ட் போனே, பேச்சையும் பாட்டையும் தெளிவாகப் பதிவு செய்யும் சக்தி உள்ளது. கருவி சரியாக இருக்கிறது. அதை வைக்கும் இடம்தான் தவறு.

பத்தாவது வரிசையில் நின்று போனைத் தூக்கிப் பிடித்தால், எட்டுவது அண்ணாவியின் குரல் அல்ல. ஒலிபெருக்கியின் குரல், பக்கத்தில் நிற்பவரின் இருமல், ஐஸ் வண்டியின் மணி. தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் வலிமை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது பௌதிகப் பாடம். மூன்றடியில் இருந்த போனை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் லாபத்தை எந்த விலையுயர்ந்த போனும் தராது. 1902-ல் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தபோது மின்சார மைக் கிடையாது. பாடகி புனலின் வாய்க்கு நேராக நெருங்கி நின்று பாட வேண்டியிருந்தது. புனல் போய்விட்டது, நெருக்கத்தின் அவசியம் போகவில்லை.

சவிட்டு நாடகத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. போன் முதலில் பேசுவதற்காகச் செய்யப்பட்ட சாதனம். சத்தம் கூடினால் அதுவே அளவைக் குறைத்துக்கொள்ளும். அடங்கினால் மெல்ல ஏற்றிக்கொள்ளும். பேச்சுக்கு இது நல்லது. மேடையிலோ ஒவ்வொரு மிதிக்கும் போன் பயந்து அளவைக் குறைக்க, மிதியோடு சேர்ந்து பாட்டும் அமுங்கிவிடுகிறது. அது மறுபடி ஏறுவதற்குள் அடுத்த மிதி விழுகிறது. போனை மேடைப் பலகையிலேயே வைத்தாலோ அதிர்ச்சி நேரே மைக்குக்குள் போய், கேட்கவே முடியாதபடி உடைந்த சத்தமாகப் பதியும். அப்படி உடைந்ததை எந்தக் கம்ப்யூட்டராலும் முழுசாகத் திருத்த முடியாது.

ஆகவே திருநாள் மேடையை வீடியோவுக்கு விட்டுவிட வேண்டியதுதான். பாட்டைப் பதிவு செய்யும் இடம் அண்ணாவியின் வீடு. அங்கும் புதிதாக டைல்ஸ் போட்ட ஹால் உதவாது. எதிரொலி குரலைக் கலக்கிவிடும். மெத்தை, துணி அலமாரி, கொடியில் தொங்கும் புடவை இவையெல்லாம் உள்ள படுக்கை அறையே அந்த வீட்டின் ஸ்டூடியோ. மின்விசிறியை நிறுத்த வேண்டும், வேர்க்கத்தான் செய்யும். தகரக் கூரை வீட்டில் ஆடி மழையில் பதிவுக்கு உட்காருவது வீண் வேலை. போன் 'ஏரோபிளேன் மோடி'ல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது வருஷம் கழித்து ஒரு பாட்டு நினைவுக்கு வந்த அந்த நொடியில்தான் லோன் வேண்டுமா என்று யாரோ கூப்பிடுவார்கள்.

பெரும்பாலான போன்களில் பேசும் மைக் கீழ் ஓரத்தில், சார்ஜர் துவாரத்தின் பக்கத்தில் இருக்கிறது. கை அதை மூடக்கூடாது. மடித்த துண்டின் மேல் போனை வைத்து, அந்த முனையை வாய்ப் பக்கம் திருப்பினால் மேஜையின் அதிர்வு ஏறாது. பேச்சுக்கு ஒரு சாண் தூரம். குரலெடுத்துப் பாடினால் இரண்டு மூன்று சாண். வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் 'ப'கரத்தின் காற்று மைக்கில் மோதாது. டேப்லெட்டில் மைக் எந்த ஓரத்தில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரிக்கார்டிங்கை ஓடவிட்டு ஓரங்களை நகத்தால் மெல்லத் தட்டினால் தெரிந்துவிடும். சட்டைக் காலரில் மாட்டும் சின்ன மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விழாவுக்குப் பத்தடி உயர பேனர் வைக்கும் சங்கங்கள், ஒரு பேனரைக் குறைத்து அதை வாங்கினால் என்ன?

ஒரு நிமிஷம் பதிவு செய்து, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டுத்தான் மேலே தொடர வேண்டும். இதைச் செய்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை போலும்.

அடுத்தது வாட்ஸ்அப். குரல் செய்தியாக அனுப்பினால் அது ஒலியைப் பிழிந்து சிறிதாக்கித்தான் அனுப்புகிறது. நலம் விசாரிக்க அது போதும். மெட்டைக் காக்கப் போதாது. ரிக்கார்டர் செயலியில் 'வேவ்' முறையைத் தேர்ந்து பதிவு செய்தால், ஒற்றை மைக்கில் ஒரு மணி நேரம் சுமார் 320 எம்.பி. ஆகும், 32 ஜி.பி. காலி இடத்தில் ஏறத்தாழ நூறு மணி நேரம் அடங்கும். அனுப்ப வேண்டுமானால் 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும்.

அண்ணாவிகளோடு இது நின்றுவிடுவதும் இல்லை. முனம்பத்திலிருந்தும் தோப்பும்படியிலிருந்தும் குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரை மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போகிறார்கள். 2017 ஒக்கிப் புயலில் திரும்பாமல் போனவர்களின் குரல், எத்தனை வீடுகளில் ஒரு நிமிஷமாவது இருக்கிறது? அக்கரையில் கோட்டைக் கொச்சி தோபி கானாவில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க வந்த தமிழர்களின் வழியில் வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே பாட்டிமார் பேசும் தமிழை மதுரையிலும் கேட்க முடியாது, மதராஸிலும் கேட்க முடியாது. பேரப் பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பாட்டியின் தாலாட்டு, அவர்கள் பெரியவர்களாகும்போது கேட்கக் கிடைக்க வேண்டாமா?

கேட்டு, சம்மதம் வாங்கித்தான் பதிவு செய்ய வேண்டும். ஒப்பாரி பாடிய கிழவியின் குரலை வேடிக்கையாகப் பத்து குரூப்புகளுக்கு அனுப்புவதைவிட அவரைப் பாடச் சொல்லாமலே இருப்பது நல்லது.

கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்வது அந்த இசைத்தட்டுகளில் கேட்கும். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹனோவரில். பாடியவர் யார் என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. செல்போன் பதிவுகளோ வெறும் எண்களாகக் குவிந்து கிடக்கின்றன. பாடுவதற்கு முன் அண்ணாவியே தம் பெயரும் ஊரும், நாடகத்தின் பெயரும், தேதியும் சொல்லட்டும். பதிவுக்கு இரண்டு பிரதி வேண்டும்: ஒன்று போனுக்கு வெளியே பென் டிரைவில், மற்றொன்று அண்ணாவியின் வீட்டில், அவர் பேத்தியின் போனில்.