சாட்சிக் கூண்டில் ஒரு படம்

எலும்பும் தோலுமாகச் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். ‘வங்கப் பஞ்சம், 1943’ என்ற குறிப்போடு பல ஆண்டுகளாக வலம் வரும் படம் இது. வருடமும் தவறு, ஊரும் தவறு. படத்தில் இருப்பவர்கள் சென்னை மாகாணத்துக்காரர்கள். தமிழகக் கிராமங்கள் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று நினைவில் வைத்திருக்கும் 1876-78 பட்டினியில் சிக்கியவர்கள். படமெடுத்தவர் சென்னைக் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர்.

பஞ்சம் பஞ்சம்தானே, எந்த வருடமானால் என்ன? விஷயம் அவ்வளவு எளிதல்ல. 1877ல் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா என்று குறைத்தவர் ரிச்சர்ட் டெம்பிள். 1943ன் கதை வேறு: போர்க்கால விலை ஏற்றம், பதுக்கல், ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று 1942ல் வங்கக் கரையோரத்தில் பறிக்கப்பட்ட படகுகள். படத்தின் வருடம் மாறினால் குற்றவாளியும் மாறிவிடுகிறார்.

எழுத்து ஆவணத்தைக் குறுக்கு விசாரணை செய்யாமல் எந்த வரலாற்றாசிரியரும் நம்புவதில்லை. படத்துக்கு மட்டும் ஏன் சலுகை? இந்தக் கேள்விக்குக் கொல்கத்தாவில் பொருத்தமான ஒரு முகவரி உண்டு. பாலிகஞ்ச் பகுதியில், லேக் டெரஸ் 10ம் எண் வீடு. பாரசீக, மராத்திய மூல ஆவணங்களைத் தேடி அலைந்து, ஔரங்கசீப்பின் வரலாற்றை 5 தொகுதிகளாக எழுதிய ஜதுநாத் சர்க்கார் (1870-1958) வாழ்ந்த வீடு அது. 1973ல் தொடங்கப்பட்ட சமூக அறிவியல் ஆய்வு மையம் பல ஆண்டுகள் அங்கே இயங்கியது. இன்று அது ஜதுநாத் பவன் அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம். பழைய அச்சுப் படங்கள், விளம்பரங்கள், புத்தக அட்டைகள், புகைப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை அந்த மையம் 1990களிலிருந்து திரட்டி வருகிறது. காகிதச் சான்றுகளுக்காக உயிரை விட்டவரின் வீட்டில் இப்போது படங்களும் சான்றுகள்.

சான்று என்றால் கேள்விகள் உண்டு. எடுத்தவர் யார்? யாருக்காக? சட்டத்துக்கு வெளியே விடுபட்டது என்ன? 1855ல் கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் ஒரே சாலையை இரண்டு முறை படமெடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலையில் சிதறிக் கிடக்கின்றன. மற்றதில் சாலையில் ஒன்றுகூட இல்லை. ஒரே படத்தைப் பார்த்தவருக்குச் சந்தேகமே வராது. ஹூப்பரின் ஆட்களும் கேமராவுக்காக வரிசையாக அமர்த்தப்பட்டவர்களே. அதே ஹூப்பர் பின்னர் மாண்டலேயில், கைதிகள் சுடப்படும் கணத்தைப் படமெடுத்ததற்காக 1886ல் விசாரணைக்கு ஆளானார். எடுத்தவரின் நோக்கம் சந்தேகத்துக்குரியது என்பதால் பட்டினி பொய்யாகிவிடாது. ஆனால் படம் யார் கண்ணால் பார்த்தது என்பது தெரிந்துவிடுகிறது.

வங்கப் பஞ்சத்துக்கு வேறு கண்களும் இருந்தன. 1943 ஆகஸ்ட் 22ல் ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் கல்கத்தா தெருக்களில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டார். தணிக்கை விதிகள் எழுத்தைக் கட்டிப்போட்டிருந்தன. புகைப்படம் பற்றி அவற்றில் பேச்சில்லை. அரசு மறைத்ததை டெல்லியும் லண்டனும் பார்த்தன. சுமார் 30 லட்சம் பேரைப் பலிகொண்ட பஞ்சம் அது.

அதே ஆண்டு நவம்பரில் ஓவியர் சித்தப்ரசாத் மிட்னாபூர் மாவட்டத்தைச் சுற்றி வந்து வரைந்தார். அந்தச் சித்திரங்களோடு வந்த ‘ஹங்ரி பெங்கால்’ நூலின் பிரதிகளை பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. பொய்ச் சாட்சியை யாரும் இவ்வளவு அவசரமாக எரிப்பதில்லை.

பாடப் புத்தகங்களில் படம் பெரும்பாலும் பக்கத்தை நிரப்பவே வருகிறது. தேதி, இடம், எடுத்தவர் பெயர் என மூன்றே வரி சேர்த்தால் அது பாடமாகிவிடும். சித்தப்ரசாத் தான் வரைந்தவர்களின் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். ஹூப்பரின் படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. மிஞ்சியிருப்பது ஊரும் வருடமும்தான். தவறான குறிப்பு அதையும் பறித்துக்கொள்கிறது.