பிரிக்காத பெட்டிக்கு ஒரு கும்பிடு

போன மாதம் என் தாய்மாமாவின் பழைய மேட்ச்பாக்ஸ் காரை, பழைய பொம்மைகள் வாங்கி விற்கும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். விற்பதற்கு அல்ல, சும்மா விவரம் தெரிந்துகொள்ளத்தான். வெள்ளை நிற ஃபோக்ஸ்வேகன் 1500. இங்கிலாந்தில் லெஸ்னி கம்பெனி செய்தது என்று அடியில் பொறித்திருக்கும். கதவில் 137 என்று ஒட்டியிருந்த எண்ணில் இப்போது ஒரு பக்கம் 7 மட்டும்தான் மிச்சம். மாமா சின்ன வயதில் இதை வீட்டுத் திண்ணையிலிருந்து தெருவுக்குக் குதிக்க விடுவாராம். அப்புறம் என்ன, முன்பக்கம் பெயிண்டே கிடையாது!

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பொட்டி இருக்கா தம்பி?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்போ 100 ரூபா தரலாம்."

பெட்டியோடு, கீறல் இல்லாமல் இருந்திருந்தால் ஆயிரக்கணக்கில் பேசலாமாம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். "வேணும்னா பொட்டி தனியா கிடைக்கும். புதுசா அச்சடிச்சதுதான், பழசு மாதிரியே இருக்கும்" என்றார் பாருங்கள்... அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு குழந்தை ஆசையாக விளையாடியதற்கு அபராதம், விளையாடாததற்குப் பரிசு. இதைத்தானே நாம் சேகரிப்புக் கலை என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்?

(நாம் என்றுதான் சொல்கிறேன். என் அலமாரியிலும் அட்டையைப் பிரிக்காமல் 23 கார்கள் தொங்குகின்றன. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.)

இந்தக் கார்கள் எதற்காகப் பிறந்தன என்று கொஞ்சம் பார்ப்போம். லெஸ்னி கம்பெனியை 1947ல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் ஆரம்பித்தார்கள். இரண்டு பேரும் ஸ்மித் என்றாலும் சொந்தக்காரர்கள் இல்லை. அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெல் என்பவருக்கு ஒரு மகள். அவள் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. அப்பா என்ன செய்தார்? ரோடு ரோலர் ஒன்றைப் பித்தளையில் தீப்பெட்டி அளவுக்குச் செய்து கொடுத்தார். மற்ற பிள்ளைகளும் அதே மாதிரி கேட்டார்கள். 1953ல் மேட்ச்பாக்ஸ் பிறந்தது. அதாவது, பெட்டி என்பது பொம்மையைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு! பீரோவில் பூட்டி வைப்பதற்கு அல்ல.

இன்னொன்று சொல்கிறேன். கார்கி கம்பெனி 1965ல் ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரைச் செய்தது. படத்தில் வெள்ளி நிறம், பொம்மையில் தங்க நிறம். பொத்தானை அமுக்கினால் கூரை திறந்து, பக்கத்து சீட்டில் இருக்கும் வில்லன் பறந்து போய் விழுவான். விழுந்தவன் சோபாவுக்கு அடியில் போனானோ சாக்கடையில் போனானோ, எந்தப் பையனுக்குத் தெரியும்? இது கம்பெனிக்கும் தெரிந்திருந்தது. அதனால் 'ரகசியக் குறிப்பு' என்று ஒரு சின்ன உறையைப் பெட்டிக்குள் வைத்து, அதற்குள் உபரியாக ஒரு வில்லனையும் போட்டுக் கொடுத்தார்கள். தொலைப்பாய், பரவாயில்லை, இந்தா இன்னொருத்தன் என்று கம்பெனிக்காரனே குழந்தையிடம் சொன்ன மாதிரி. இன்று சேகரிப்பாளர் என்ன கேட்கிறார் தெரியுமா? அந்த உறையைப் பிரித்திருக்கிறதா இல்லையா என்று! பிரிக்காமல் இருந்தால் விலை எங்கேயோ போய்விடும். தொலைப்பதற்காகவே கொடுத்த வில்லன் அறுபது வருடமாக உறைக்குள் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறான்.

"தம்பி, நாங்கள் வரலாற்றைப் பாதுகாக்கிறோம்" என்பார்கள். இதை முழுக்க மறுக்க மாட்டேன். எந்த வருடம் எந்த நிறம், எந்தச் சக்கரம் என்பதெல்லாம் நல்ல நிலையில் தப்பித்த சில கார்களால்தான் இன்று தெரிகிறது. அருங்காட்சியகத்தில் ஒன்று, ஆராய்ச்சி செய்பவரிடம் ஒன்று இருக்கட்டும். ஆனால் ஒரே காரை ஐந்து ஐந்தாக வாங்கி அடுக்குகிறவர் என்ன வரலாற்றைக் காப்பாற்றுகிறார்? என் மாமா காரில் பெயிண்ட் போன இடமும் வரலாறுதானே? எந்தத் திண்ணையில் மோதியது என்று சொல்லும் வரலாறு!

அதுவும் போகட்டும், பெட்டிக்குள் இருந்தால் பத்திரம் என்று யார் சொன்னது? லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1934லிருந்து டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்களை விற்றது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்களில் பலவற்றுக்கு ஒரு வியாதி உண்டு. இவற்றை வார்த்தது துத்தநாகக் கலவையில். அதில் துளிக் காரீயம் கலந்துவிட்டால் போதும், உலோகம் உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்லக் கெட்டு, உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் பொடியாக உதிர்ந்துவிடும். மருந்து கிடையாது. ஆசையாகத் தூக்கி விளையாடிய காரும் உதிரும், தொடாமலேயே வைத்திருந்த காரும் உதிரும். பின்னதுக்கு நடுவில் ஒரு நாள் கூட வாழ்க்கை இருந்ததில்லை என்பதுதான் வித்தியாசம்.

அடுத்த கோஷ்டி, முதலீடு கோஷ்டி. இவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். கடையில் புதுச் சரக்கு இறங்கும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு, கதவு திறந்ததும் உள்ளே புகுந்து, கொக்கியில் தொங்கும் அத்தனை ஹாட் வீல்ஸையும் அள்ளிப் பார்ப்பார்கள். 1995லிருந்து 'ட்ரெஷர் ஹன்ட்' என்று அபூர்வமான சில கார்களைச் சாதாரணக் கார்களோடு கலந்துவிடுகிறது அந்தக் கம்பெனி. அதைப் பொறுக்கி எடுத்துப் பல மடங்கு விலைக்கு விற்பதுதான் நோக்கம். சாயங்காலம் அப்பாவோடு வரும் பிள்ளைக்கு மிச்சம் மீதிதான்.

சரி ஐயா, கணக்கே பேசுவோம். ஒரு பழைய மேட்ச்பாக்ஸ் கார் பெட்டியோடு ஏன் அபூர்வம்? மற்ற பிள்ளைகளெல்லாம் பெட்டியைக் கிழித்து எறிந்து, காரை மண்ணில் ஓட்டி, ஆக்ஸிலை வளைத்துத் தொலைத்ததால்தான். நீங்கள் வைத்திருக்கும் காருக்கு விலை ஏற்றிவிட்டவர்கள் அவர்கள். அந்த விலையைக் கொடுத்து வாங்குகிறவர் யார்? பல சமயம், சின்ன வயதில் தன் காரை உடைத்துவிட்டு இன்னமும் அதை மறக்க முடியாமல் இருக்கும் ஆள்தான். இன்றைக்கு வரும் காரை ஆளாளுக்குப் பிரிக்காமல் பதுக்கினால் முப்பது வருடம் கழித்து அதில் அபூர்வம் என்ன இருக்கும்? விளையாடியே பழகாத பிள்ளை பெரியவனாகி எதை நினைத்து ஏங்கி வந்து வாங்குவான்?

டிங்கியின் பழைய அச்சுகள் சில 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி' என்ற பெயரில் இங்கேயே கார்கள் தயாரானது பலருக்குத் தெரியாது. நம் ஊர்ப் பிள்ளைகள் உருட்டுவதற்கென்று செய்தது. இப்போது அதையும் வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் பெட்டியோடு தேடுகிறார்கள். என்னத்தைச் சொல்ல!

இனி என் கதை. தீபாவளி லீவுக்கு அக்கா வந்திருந்தாள். அவள் மகனுக்கு நாலு வயது. என் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "மாமா, அந்தச் சிவப்புக் காரு குடு" என்றான். "அது விளையாடுற காரு இல்லடா" என்றேன். என் வாயால் சொன்ன வாக்கியம்தான் இது, மறைக்கவில்லை. அவன் அழவில்லை. "அப்புறம் அது என்ன காரு?" என்று கேட்டான். பதில் தெரியாமல் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாளும் அவன் அதைப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டுப் போனான். ஊருக்குப் போகும்போதும் நான் கொடுக்கவில்லை.

அந்த 100 ரூபாய்க்காரரிடம் போய் வந்த பிறகு பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கையில் அந்தச் சிவப்புக் கார். அட்டையைக் கிழிக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. அவனுக்கு நடுங்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு பக்கக் கண்ணாடி காலி. சாயங்காலம் பார்த்தால் காரையே காணோம். கேட்டதற்கு, "ரிப்பேருக்கு விட்டிருக்கேன் மாமா" என்று ஃப்ரிட்ஜுக்கு அடியில் கை காட்டினான்.

மீதி 22 இருக்கிறது. மாமாவின் ஃபோக்ஸ்வேகனை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை. அவர் அதை இன்னமும் எப்போதாவது மேஜையில் உருட்டிப் பார்ப்பார்.