நூலும் தூக்குக்குண்டும் போதும், ஆட்டம் இல்லையென்றால்

குவாட் பைக் வைத்திருப்பவர்களில் பலர் இப்போது முன் சக்கர அலைன்மெண்ட்டை வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். பட்டறைக்காரர்களில் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. கையில் வந்த கூலி போகிறதே என்கிறார்கள். போனால் போகட்டும் என்பதுதான் நம் கட்சி. கார் அலைன்மெண்ட் மெஷினின் கிளாம்ப், புடைத்த டயருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் 10 அங்குல ரிம்மில் ஒழுங்காக உட்காராது. ஆகவே பட்டறையிலும் நூல், டேப். வீட்டிலும் அதே நூல், டேப். இதில் நமக்கென்று தனி ரகசியம் எதுவும் இல்லை.

கம்பெனி பொருத்தி அனுப்பும் பெரும்பாலான குவாடுகளில் நாம் திருகக்கூடியது டோ ஒன்றுதான். கேம்பரும் காஸ்டரும் ஏ-ஆர்மின் வடிவத்திலேயே முடிந்துபோன சங்கதி. அதற்குத் திருகாணி வேண்டுமென்றால் வெளிச்சந்தை ஆர்ம் வாங்கிப் போடவேண்டும். ஒரே ஒரு முன் சக்கரத்தோடு ஓடிய பழைய மூன்று சக்கர வண்டிகளுக்கு டோ என்ற பிரச்சினையே கிடையாது. 1983 மாடலாக சுசூகியின் நான்கு சக்கர எல்.டி.125 வந்த பிறகு பிறந்த தலைவலி இது. அதற்காக மூன்று சக்கரத்தை நினைத்து யாரும் ஏங்க வேண்டாம். அது கவிழ்ந்த கவிழ்வில்தான் 1988-ல் அமெரிக்காவில் அதன் விற்பனையே நின்றது.

வீட்டில் செய்பவர் தடுமாறுவது அளப்பதில். முன்பக்கம் டேப் நேராகப் போய்விடும். டயரின் பின்பக்கத்தில், அச்சின் உயரத்தில், ஃப்ரேமும் எஞ்சினும் குறுக்கே நிற்கும். டேப்பை வளைத்து, கண்ணால் கழித்து, ஏதோ ஒரு எண்ணை எழுதிக்கொள்வார்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு இங்கே கைகொடுக்கும். முன் டயரின் நடுவில் சாக்பீஸால் ஒரு குறி; அந்தக் குறி அச்சின் உயரத்தில் முன்னால் நிற்கும்போது தூக்குநூலை விட்டுத் தரையில் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் வைத்து இடைவெளியை அளந்த பின், வண்டியை முன்னோக்கித் தள்ளி, அதே குறி அரைச் சுற்று சுற்றிப் பின்னால் வந்ததும் மறுபடி புள்ளி வைத்து அளக்கலாம். ஒரே குறியை இரண்டு இடத்திலும் அளப்பதால் ரிம்மின் வளைவு கணக்கில் வராது. பின் அளவு பெரிதென்றால் டோ-இன், முன் அளவு பெரிதென்றால் டோ-அவுட். தரை மட்டமாக இருக்கவேண்டும், ஹேண்டிலை நேராக்கிக் கட்டியிருக்க வேண்டும், வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டு அளக்கக்கூடாது. இவ்வளவுதான்.

ஜாக்கியில் தூக்கி வைத்த வண்டியில் டோ வைப்பவர்கள் நம் பட்டறைகளிலேயே இருக்கிறார்கள். சக்கரம் தொங்கும்போது ஏ-ஆர்ம் ஒரு வட்டத்திலும் டை ராட் வேறொரு வட்டத்திலும் இறங்குகின்றன. தொங்கிய நிலையில் வைத்த அளவு தரைக்கு வந்ததும் மாறிவிடும். ஆள் ஏறினால் இன்னொரு முறை மாறும். ஓட்டுபவரின் எடைக்கு மணல் மூட்டையை சீட்டில் ஏற்றி அளப்பதா, வெறும் வண்டியாக அளப்பதா என்பதை அந்தந்த மேனுவல் சொல்லும், அதன்படி செய்யவேண்டும். அளவும் அப்படித்தான். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் வகைக்கு 3 முதல் 6 மி.மீ. வரை டோ-அவுட் கேட்கிறார்கள், யமஹாவின் பல மாடல்களுக்கு டோ-இன். ‘எல்லா குவாடுக்கும் கொஞ்சம் டோ-இன் போதும்’ என்று வாய்மொழியாகச் சுற்றிவரும் சூத்திரத்தைக் குப்பையில் போடலாம்.

திருகும்போது எவ்வளவு திருகுவது? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டை ராட்டின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை, இரண்டுமே 1.25 மி.மீ. பிட்ச் என்று வைத்துக்கொள்வோம். லாக் நட் இரண்டையும் தளர்த்தி ராடை ஒரு சுற்று சுற்றினால் நீளம் 2.5 மி.மீ. மாறும். ஸ்டியரிங் ஆர்ம் 100 மி.மீ. என்றால், 22 அங்குல டயரில் முன்னுக்கும் பின்னுக்குமான வித்தியாசம் 14 மி.மீ. போல வந்துவிடும். கால் சுற்றுக்கே மூன்றரை மி.மீ. போலாரிஸ் கொடுத்திருக்கும் மொத்த இடமும் ஒரு கால் சுற்றுக்குள் அடங்கிப்போகிறது! ஸ்பேனரைப் போட்டு இரண்டு சுற்று விட்டுப் பார்ப்போம் என்பது இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு பக்கமும் சமமாகத் திருகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ சரியாகும், ஹேண்டில் கோணலாகும். லாக் நட்டை இறுக்கும்போது டை ராட் எண்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால் பாலும் கூடவே திரும்பி, ஒடித்த பக்கத்தில் முட்டும். ராடுக்கு வெளியே தெரியும் மரையின் நீளம் மேனுவல் சொல்லும் எல்லையைத் தாண்டினால், உள்ளே பிடிப்பு இல்லை என்று பொருள். அங்கே நிறுத்திவிட்டு வளைந்தது எது என்று தேடவேண்டும்.

அலைன்மெண்ட் போய்விட்டது என்று வரும் வண்டிகளில் டோ மட்டும்தான் குற்றவாளி என்று நம்ப முடியாது. டை ராட் எண்டிலோ பால் ஜாயிண்டிலோ வீல் பேரிங்கிலோ ஸ்டியரிங் தண்டின் புஷ்ஷிலோ ஆட்டம் இருந்தால், இன்று வைத்த அளவு நாளை இருக்காது. அளவு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் டேப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு பக்கவாட்டில் பிடித்து ஆட்டுங்கள். கதை வெளியே வந்துவிடும்.

அடுத்தது காற்று. 5 பி.எஸ்.ஐ. கேட்கும் டயரில் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கார் டயருக்கான கேஜில் அந்த வித்தியாசம் முள்ளின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் இல்லாத பட்டறை, ‘ஒரு பக்கம் இழுக்குது’ என்ற புகாரைக் கையில் எடுக்கவே கூடாது என்பேன். ஸ்போர்ட் குவாடில் பின் அச்சு டிஃபரன்ஷியல் இல்லாத ஒற்றைத் தண்டு. பின் டயர் இரண்டின் சுற்றளவு வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போகும். முன்னால் எவ்வளவு திருகினாலும் நிற்காது. பின் டயரைச் சுற்றி ஒரு டேப்பைப் போட்டு அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

நமக்கான வேலை இங்கேதான் இருக்கிறது. டோ வைப்பதற்கென்று வாங்கும் கூலியை ஆட்டம் பார்ப்பதற்கு வாங்குங்கள். ஜாப் கார்டில் ‘அலைன்மெண்ட் செய்யப்பட்டது’ என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை இந்த இதழின் வாசகர்களாவது விடவேண்டும். வேலைக்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு, மேனுவல் அளவு, நான்கு டயரின் காற்று, சீட்டில் எடை இருந்ததா இல்லையா, இவ்வளவும் கார்டில் இருக்கட்டும். வீட்டில் தானே திருகும் உரிமையாளருக்கு அந்தக் கார்டின் நகலைக் கொடுத்தனுப்புங்கள். டை ராட் எண்டின் காட்டர் பின்னைப் பழசையே வளைத்து மாட்டாமல் புதிதாகப் போடும்படியும் சொல்லுங்கள். அதற்காக ஒரு பாக்கெட் வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிய செலவாகிவிடாது.