காது கொடுத்தவருக்கும் கூலி கொடுங்கள்

போன தை மாதம் பழைய லோடு வண்டி ஒன்று வாங்கினேன். குட்டி யானை என்கிறோமே, அந்த ரகம். ஒன்பது வருஷ வண்டி, எஃப்.சி. நடப்பில் இருந்தது, இன்சூரன்ஸும் சரி. கன்னங்கரேல் என்று புதுப் பெயின்ட். திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கொல்லையிலிருந்து கீரை, கத்தரி, தூயமல்லி அரிசி எல்லாவற்றையும் வாரா வாரம் சென்னைக்கு ஏற்றிப் போக வாடகை கொடுத்து மாளவில்லை. அதனால்தான் வாங்கினேன்.

இரண்டாவது வாரம் சத்தம் ஆரம்பித்தது. டொக்... டொக். கிளட்சை விட்டு வண்டி நகரும்போது ஒன்று, பிரேக் போட்டால் ஒன்று, வேகத்தடையில் வரிசையாக நாலு. ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இன்ஜின் அடிக்குது சார், பேரிங் போயிருக்கு, இறக்கித்தான் பாக்கணும்" என்று சொல்லி 38,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின் சும்மா நின்றாலே ஆடும். அதனால் அவர்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். அறுப்பு முடியட்டும், நெல்லை விற்று இறக்கலாம் என்று மூன்று வாரம் அப்படியே ஓட்டினேன்.

பிறகு கொல்லைக்கு ஆயில் இன்ஜின் பார்க்க வந்த ஒரு பாய், போகிற போக்கில் விசாரித்தார். எழுபது வயசு இருக்கும். வண்டியைத் தொடவே இல்லை, கேள்வியாகக் கேட்டார். "லோடு இருந்தா வருதா, காலியா இருந்தா வருதா?" காலியாக இருந்தால்தான் அதிகம் என்றேன். "காலைல ஸ்டார்ட் பண்ணும்போதா, சூடான பிறகா?" அப்படி வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. "நின்ன எடத்துல ஆக்சிலேட்டர் குடுத்தா?" அதை நான் யோசித்ததே இல்லை. நியூட்ரலில் வைத்து மிதிக்கச் சொன்னார். இன்ஜின் கத்தியது, டொக் இல்லை. அப்புறம் சரிவில் நியூட்ரலில் உருட்டினோம். இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருக்க, குழியில் இறங்கியதும் டொக்.

"இன்ஜின் பேரிங்னா நின்ன எடத்துலயே அடிக்கும் சார். ரேஸ் குடுக்கக் குடுக்கச் சத்தம் கூடும். சூடேறி ஆயில் இளகுச்சுன்னா இன்னும் கேக்கும். இது ரோடு பேசுற சத்தம்."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டு, என் பேரனைத் தொட்டியில் ஏறிக் குதிக்கச் சொன்னார். பின்பக்கப் பட்டை புஷ்ஷில் விரலை வைத்துக்கொண்டே, "இங்க உதைக்குது" என்றார். காது ஏமாறும், விரல் ஏமாறாதாம். ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார். அப்பளம் மாதிரி துரு பெயர்ந்து விழுந்தது. பட்டையையும் அச்சையும் இறுக்கிப் பிடிக்கிற யு-போல்ட்டில் நட்டு தளர்ந்து கிடந்தது. பட்டைக்கு நடுவில் இருக்கிற சென்டர் போல்ட்டின் தலை துருவேறி அற்றே போயிருந்தது. தொட்டியின் மூலை இடுக்கில் காய்ந்த செதில் இரண்டு எடுத்துக் காட்டினார்.

"மீன் வண்டி சார் இது."

அவ்வளவுதான் மர்மம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரத்தில் மீன் ஏற்றுகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஐஸ் உருகி, மீனின் உப்பு நீரோடு சேர்ந்து, வழியெல்லாம் சேஸிஸ் மேல் சொட்டிக்கொண்டே போகும். உப்பு, காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு ஈரத்தில் இரும்பு சாதா ஈரத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் துருப்பிடிக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் துரு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே தின்றுகொண்டிருக்கும்.

சென்டர் போல்ட் தலைதான் அச்சை அதன் இடத்தில் நிறுத்துகிறது. அது இல்லாமல், யு-போல்ட்டும் தளர்ந்தால், அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். கிழக்குக் கடற்கரைச் சாலை வேகத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று வாரத்தில் அறுப்புக்கு வந்த அம்மாக்களை இரண்டு தடவை அதே தொட்டியில் ஏற்றி வந்திருக்கிறேன். சட்டப்படி தப்பு, தெரிந்தேதான் செய்தேன். இப்போது செய்வதில்லை.

போல்ட், புஷ், பின், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். கூலி எழுநூறு, மீதி சாமானுக்கு. கண்டுபிடித்ததற்கு? "பாத்ததுக்கு என்னா சார் காசு" என்று டீ மட்டும் குடித்தார். ஐநூறு ரூபாயைச் சட்டைப் பையில் வைக்கப் போனேன், கோபித்துக்கொண்டார்.

அவர் பெருந்தன்மையை மதிக்கிறேன். ஆனாலும் இந்த வழக்கம்தான் நம்மைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. பார்த்ததற்குக் காசு இல்லை, மாற்றினால்தான் காசு என்றால், பட்டறைக்காரர் எதற்காக ஒரு மணி நேரம் காது கொடுப்பார்? இன்ஜினை இறக்கினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அவரைத் திட்டிப் பயனில்லை, அப்படிப் பழக்கியது நாம்.

வயலிலும் இதே கதைதான். வாடின செடியைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். ஆலோசனை இலவசம், பாட்டில் விலை. என் கத்தரி ஒரு வருஷம் பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கியது. அப்போது நான் இயற்கைக்கு முழுசாக மாறாத காலம். கடையில் பூசணக்கொல்லி கொடுத்தார்கள், இரண்டு முறை ஊற்றினேன். பிறகு இயக்கக் கூட்டத்தில் அறிமுகமான ஓய்வுபெற்ற வேளாண் உதவி அலுவலர் ஒருவர், தண்டை அடியில் வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வெட்டிலிருந்து வெள்ளையாக, புகை மாதிரி இழை இறங்கியது. பாக்டீரியா வாடல். பூசணக்கொல்லிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தச் சோதனைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் செலவு.

ஹைதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் 2003 முதல் இடுபொருள் கடைக்காரர்களுக்கு ஓராண்டு பட்டயப் படிப்பு நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் படித்து முடித்து வந்தவருக்கும் வருமானம் பாட்டிலில்தானே வருகிறது?

வங்கியில் இருந்தபோது பழைய வண்டிகளுக்கு நானே எத்தனையோ கடன் கொடுத்திருக்கிறேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், மதிப்பீட்டாளர் அறிக்கை, பென்சிலால் தேய்த்து எடுத்த சேஸிஸ் நம்பர். எல்லாம் கோப்பில் இருக்கும். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்த ஒரு அதிகாரியை நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். என் வண்டி அதையும் தாண்டித்தான் வந்திருக்கிறது. மகிந்திராவின் ஆராய்ச்சி மையமே இருக்கிற மாவட்டம் நம்முடையது. அங்கே வேலை பார்க்கும் பையன்கள் சிலர் நம் வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ஊரில் ஒரு வண்டிச் சத்தத்தைப் பிரித்துச் சொல்ல எழுபது வயசு ஆள்தான் கிடைக்கிறார். ஸ்கேனர் வந்துவிட்டதே என்பார்கள். பட்டை புஷ்ஷில் சென்சார் கிடையாது.

ஆகவே நம் இயக்கத்துக்கு ஒரு யோசனை. மாதக் கூட்டத்துக்கு ஒரு மெக்கானிக்கையும், பயிர் நோய் தெரிந்த ஒருவரையும் கூப்பிடுவோம். நோட்டம் பார்த்துக் காரணம் சொல்வதற்கு மட்டும், ஒரு வண்டிக்கோ வயலுக்கோ 300 ரூபாய். சாமான் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கொடுக்க வேண்டும். முடியாத சிறு விவசாயிக்குப் பொது நிதியிலிருந்து கொடுப்போம். பழைய வண்டி வாங்கப் போகிறவர், வாங்கும் முன்பே அந்த முந்நூறைச் செலவழிக்கட்டும். காசு கொடுத்தால் கெட்ட பழக்கம் வந்துவிடும் என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். 38,000 ரூபாய் சீட்டை அவரிடம் காட்டினேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

பாயிடம் பேசிவிட்டேன். காசு விஷயத்தில் முதலில் முரண்டு பிடித்தார், பிறகு இயக்கத்தின் பெயரில் ரசீது போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தார். அடுத்த கூட்டத்துக்கு வருகிறார். இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார்: வண்டியைக் காலியாகக் கொண்டுவர வேண்டும், கழுவாமல் கொண்டுவர வேண்டும்.