ஒரே நீளம், ஒரே கடல்... ஒரு படகுக்கு 270 டாலர், இன்னொன்றுக்கு 33 டாலர்! எரிபொருள் கணக்கில் எங்கே இவ்வளவு வித்தியாசம்?

அமெரிக்காவின் மியாமியிலிருந்து பஹாமாஸின் பிமினி தீவுக்குக் கடல் வழியே சுமார் 50 கடல் மைல். வார இறுதியில் சொந்தப் படகில் போய்வர புளோரிடாவாசிகள் அதிகம் தேர்ந்தெடுக்கும் பாதைகளில் இதுவும் ஒன்று. இதே தூரத்தை 40 அடி பவர் க்ரூஸரில் வேகமாகக் கடந்தால் ஒரு வழிக்கு மட்டும் சுமார் 270 டாலர் டீசல் செலவாகும். அதே 40 அடி நீளமுள்ள பாய்மரப் படகில், பாயை விரிக்காமல் முழுக்க முழுக்க என்ஜினிலேயே போனாலும் 33 டாலர்தான்.

பாயே விரிக்காத படகுக்கு எப்படி இவ்வளவு குறைவாகச் செலவாகிறது? 'காற்று இலவசம், அதனால் பாய்மரப் படகு மலிவு' என்ற பொதுவான பேச்சுக்குள் அடங்காத விஷயம் இது.

எந்தப் படகு எவ்வளவு குடிக்கும்?

டீசல் என்ஜின்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 20 குதிரைத்திறன் கிடைக்கும்.

40 அடி பவர் க்ரூஸரில் தலா 400 குதிரைத்திறன் கொண்ட இரண்டு என்ஜின்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 22 நாட் வேகத்தில் ஓட அவற்றிலிருந்து 600 குதிரைத்திறன் எடுத்தால், மணிக்கு 30 கேலன். லிட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 114 லிட்டர்!

அதே நீளப் பாய்மரப் படகில் இருப்பது 40, 50 குதிரைத்திறன் கொண்ட ஒரே ஒரு சின்ன என்ஜின். 6 நாட் வேகத்தில் போக 20 குதிரைத்திறன் போதும். மணிக்கு ஒரு கேலன்தான் செலவு.

டீசல் கேலனுக்கு 4 டாலர் எனக் கணக்கிட்டால் மேலே சொன்ன 270 டாலரும் 33 டாலரும் வந்துவிடும். நீரோட்டம், அலை, படகின் எடை ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் வித்தியாசத்தின் அளவு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

உண்மையில் டீசலைக் குடிப்பது எது?

வேகம்தான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகும் முன்னால் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலையும் நீளும். ஒரு கட்டத்தில் அலையின் நீளம் படகின் நீளத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், தான் எழுப்பிய அலை மேலேயே படகு ஏற வேண்டும். மேட்டில் லாரி ஏறுவது போலத்தான் இது.

அந்த வரம்பைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்க வேண்டும். 36 அடி என்றால் வர்க்கமூலம் 6. வரம்பு சுமார் 8 நாட்.

பாய்மரப் படகு பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ளேயே ஓடும். பவர் க்ரூஸரோ அலையைத் தாண்டி, உடலைத் தூக்கி, தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் வகையில் கட்டப்பட்டது. பத்து டன் எடையைத் தூக்கி நிறுத்தவே பல நூறு குதிரைத்திறன் போய்விடுகிறது.

இதே க்ரூஸரை 7 நாட் வேகத்துக்கு இறக்கினால் மணிக்கு சுமார் 4 கேலன்தான் செலவாகும். பிமினி போக 7 மணி நேரம் ஆகும், ஆனால் டீசல் செலவு 115 டாலருக்குள் வந்துவிடும். படகும் என்ஜினும் அதேதான். வேகத்தைக் குறைத்ததுமே பாதிக்கு மேல் மிச்சம்.

வருடக் கணக்கு என்ன சொல்கிறது?

வருடத்துக்கு 1,000 கடல் மைல் ஓட்டுபவர் என்று எடுத்துக்கொள்வோம்.

• பவர் க்ரூஸர், 22 நாட்: சுமார் 1,360 கேலன், 5,450 டாலர்
• அதே க்ரூஸர், 7 நாட்: சுமார் 570 கேலன், 2,290 டாலர்
• பாய்மரப் படகு, பாதித் தூரம் என்ஜின், மீதி பாய்: சுமார் 83 கேலன், 330 டாலர்

விலை ஏறும்போது இந்த இடைவெளி இன்னும் விரியும். 2022 ஜூனில் அமெரிக்காவில் டீசலின் சராசரி விலை கேலனுக்கு 5.80 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் வேக க்ரூஸர்காரருக்கு வருடத்துக்கு சுமார் 2,450 டாலர் கூடுதல் சுமை. பாய்மரப் படகுக்காரருக்கு 150 டாலர்தான். இது சாலையோர பங்க் விலை. படகுத்துறை பங்க்குகளில் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

அப்படியானால் பாய்மரப் படகே லாபமா?

அவசரப்பட வேண்டாம். காற்றுக்குப் பில் வராது, ஆனால் காற்றைப் பிடிக்கும் சாமான்களுக்கு வரும். வெயிலில் பாய்த்துணி இற்றுப்போகும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்லி காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். 40 அடிப் படகில் புதுப் பாய், புதுக் கம்பி எல்லாம் சேர்த்தால் செலவு ஆயிரங்களில் இல்லை, பல்லாயிரங்களில் நிற்கும். டீசலில் மிச்சமானதில் கணிசமான பங்கு இப்படிப் போய்விடும். மறுபக்கம், க்ரூஸரின் இரண்டு பெரிய என்ஜின்களுக்கும் சர்வீஸ் செலவு இரட்டிப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது பாதை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியை ஆறு, ஏரி, கடல் வழியாகச் சுற்றிவரும் 'கிரேட் லூப்' பாதை சுமார் 6,000 மைல். சிகாகோவுக்குத் தெற்கே ஒரு நிலையான பாலம் தண்ணீரிலிருந்து 20 அடி உயரம்கூட இல்லை. பாய்மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்தால்தான் அதைத் தாண்ட முடியும். அப்படிப்பட்ட இடங்களில் பாய்மரப் படகும் வெறும் என்ஜின் படகுதான்.

மூன்றாவது நேரம். 1,000 கடல் மைலை க்ரூஸர் 45 மணி நேரத்தில் முடித்துவிடும். 6 நாட் படகுக்கு 167 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் லீவு கிடைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பணத்தைத் தாண்டிய ஒரு கணக்கு

கடலில் டேங்க் காலியானால் ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்க முடியாது. அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு அவசரத்துக்கு என்று எரிபொருளைப் பிரித்து வைப்பது மாலுமிகளின் பழைய விதி.

300 கேலன் டேங்க் உள்ள க்ரூஸர், இந்த விதிப்படி 22 நாட் வேகத்தில் 73 கடல் மைல் மட்டுமே வெளியே போகலாம். வெறும் 50 கேலன் உள்ள பாய்மரப் படகு, என்ஜினை மட்டுமே நம்பினாலும் 100 கடல் மைல் போய்த் திரும்பலாம். என்ஜின் மக்கர் பண்ணினால் பாய் இருக்கிறது.

பெரிய கப்பல்கள் முதல் நம்ம ஊர் படகு வரை

இந்தக் கணக்கு பொழுதுபோக்குப் படகுகளோடு நிற்பதில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பேரலுக்கு 147 டாலரைத் தொட்டதை அடுத்து வந்த ஆண்டுகளில், சரக்குக் கப்பல் நிறுவனங்கள் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதையே உத்தியாக்கின. 2023-ல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல் இறக்கைப் பாய்களைப் பொருத்திக்கொண்டு சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போனது.

தமிழக மீனவர்களுக்கோ இது பிழைப்புக் கணக்கு. பாய் விரித்த கட்டுமரங்களின் இடத்தை இன்று என்ஜின் பொருத்திய ஃபைபர் படகுகள் பிடித்துவிட்டன. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த மானிய டீசல் 19,000 லிட்டராக உயர்த்தப்படும் என 2023-ல் தமிழக அரசு அறிவித்தது. பிடித்த மீன் கெடுவதற்குள், ஏலம் முடிவதற்குள் கரை சேர வேண்டும் என்பதால், 'மெதுவாகப் போனால் மிச்சம்' என்ற வழி அவர்களுக்கு எப்போதும் திறந்திருப்பதில்லை.

படகு வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

முதலில், வருடத்துக்கு எத்தனை மைல் ஓட்டப்போகிறோம் என்பதை. 200 மைல் மட்டுமே ஓட்டுபவருக்கு இரண்டு படகுக்கும் டீசல் வித்தியாசம் வருடத்துக்கு சுமார் 1,000 டாலர்தான். படகுத்துறை வாடகை பொதுவாக நீளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், அதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அவருக்கு டீசல் முக்கியமான கேள்வியே இல்லை.

1,000 மைலுக்கு மேல் ஓட்டுபவருக்குத்தான் டீசல் பெரிய கேள்வி. அவருக்கும் பாயா, என்ஜினா என்பதற்கு முன்னால் வரும் கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு வேகத்தில் போய்ச் சேர வேண்டும்? 7 நாட் போதும் என்பவர், க்ரூஸரை விற்காமலேயே டீசல் பில்லைப் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம்.